வலிக்கிறது என்று யாரிடம் சொல்வாள்?



விளையாடும் பிள்ளைகளுக்கு ஏற்படும் காயங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, விழுந்தவுடன் தெரிந்து விடுவது. முழங்கால் உரசி இரத்தம் வரும், கணுக்கால் பிசகி வீங்கும், சில வேளை கை முறியும். பிள்ளை அழும். நாம் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். மற்றையது, எந்த நாளில் தொடங்கியது என்றே சொல்ல முடியாத காயம். பிள்ளை விழவில்லை, யாரும் தள்ளவும் இல்லை. ஒரே அசைவை ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை செய்ததால் எலும்போ தசைநாணோ சிறுகச் சிறுக நொந்து போகிறது. வருடக் கணக்காகத் தையல் மெசினில் உட்கார்ந்த ஒரு பெண்ணின் தோளும் மணிக்கட்டும் எப்படி நோகத் தொடங்குமோ, அப்படித்தான் இதுவும். சேலை முள்ளில் மாட்டிக் கிழிவதற்கும், துவைத்துத் துவைத்து ஒரே இடத்தில் நைந்து போவதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த இரண்டாவது வகையை மிகைப்பாவனைக் காயம் என்று சொல்லலாம். ஓடுகிறவர்களுக்கு அது கணைக்கால் எலும்பிலும் பாத எலும்பிலும் வரும். நீந்துகிறவர்களுக்குத் தோளில் வரும். ஜிம்னாஸ்டிக் பழகும் சிறுமிகளுக்கு மணிக்கட்டில் வரும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசும் பையன்களுக்கு அடிமுதுகு எலும்பில் வரும். ஏன் வந்தது என்று கேட்டால், பயிற்சி கூடிவிட்டது, சப்பாத்து சரியில்லை, தரை கடினம் என்று சொல்வோம். இவையெல்லாம் உண்மையே. ஆனால் இந்தக் காயம் திடீரென்று வருவதல்ல. பல வாரங்களுக்கு முன்பே வலி மூலம் தகவல் கொடுத்து விட்டுத்தான் வருகிறது. வலி யாருக்குத் தெரியும்? பிள்ளைக்குத்தான் தெரியும். தெரிந்திருந்தும் அவள் ஏன் நிறுத்துவதில்லை? ஏன் எவரிடமும் சொல்வதில்லை? காரணத்தின் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது. அது காலில் இல்லை. அவளது மனதிலும், அவளைச் சுற்றியுள்ள பெரியவர்களிடத்திலும் இருக்கிறது.

எலும்பு என்றால் சீமெந்துத் தூண் போன்ற உயிரற்ற பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. நம் உடம்பில் எலும்பு நாள்தோறும் உடைத்துக் கட்டப்படுகிறது. ஒரு வகைக் கலங்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கின்றன. வேறு வகைக் கலங்கள் அந்தப் பள்ளத்தில் புதிய எலும்பை நிரப்புகின்றன. அரிப்பது சில வாரங்களில் முடிந்து விடும். நிரப்புவதற்கு மாதங்கள் செல்லும். பயிற்சி படிப்படியாகக் கூடினால் எலும்பு அதற்கேற்பப் பலமடையும். திடீரென்று கூடி, ஓய்வும் குறைந்தால், நிரப்புகிறவர்கள் வருவதற்கு முன்பே அரிக்கிறவர்கள் முன்னேறி விடுகிறார்கள். மயிர் போன்ற சிறு வெடிப்புகள் தோன்றி ஒன்றோடொன்று சேர்ந்து விடுகின்றன. முதலில் ஓடி முடித்த பின் மட்டும் ஒரு நோவு. பிறகு ஓடும்போதே நோவு. பிறகு மாடிப்படி ஏறும்போது. கடைசியில் இரவில் படுக்கையிலும் நோவு.

இந்த வெடிப்பை முதலில் எழுதி வைத்தவர் ஓர் இராணுவ வைத்தியர். 1855 ஆம் ஆண்டு பிரைட்ஹௌப்ட் என்ற பிரஷ்ய நாட்டு வைத்தியர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி நோவதைக் கண்டு குறிப்பெழுதினார். அது எலும்பில் விழுந்த வெடிப்பு என்பது அவருக்குத் தெரியாது. அந்த நூற்றாண்டின் இறுதியில் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பின்னர்தான் அது உறுதியாயிற்று. முதல் நோயாளிகள் சிப்பாய்களாக இருந்ததைக் கவனியுங்கள். நடக்கச் சொன்னால் நடக்க வேண்டும்; கால் நோகிறது என்று வரிசையை விட்டு விலக அவர்களுக்கு அனுமதியில்லை. நம் காலத்தில் இந்த வெடிப்போடு வைத்தியரிடம் வருகிறவர்களில் பாடசாலைச் சீருடை அணிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இனி ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். இது அமெரிக்காவில் நடந்தது. அவளே முன்வந்து உலகுக்குச் சொன்ன கதை.

மேரி கேன் என்பது அவளது பெயர். நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்தவள். 2013 ஆம் ஆண்டு, பாடசாலை மாணவியாக 17 வயதில் இருந்தபோது, 800 மீற்றர் தூரத்தை 1 நிமிடம் 59.51 செக்கன்களில் ஓடினாள். அமெரிக்கப் பாடசாலை மாணவி ஒருத்தி அந்தத் தூரத்தை இரண்டு நிமிடத்துக்குள் ஓடியது அதுவே முதல் தடவை. அதே வருடம் மொஸ்கோவில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் இறுதிப் போட்டி வரை சென்று பத்தாம் இடம் பெற்றாள். மறு வருடம் கனிஷ்ட உலகப் போட்டியில் 3000 மீற்றரில் தங்கம் வென்றாள்.

இப்படிப்பட்ட பிள்ளையை யார்தான் விடுவார்கள்? நைக்கி நிறுவனத்தின் செலவில் நடந்து வந்த ஒரிகன் புரொஜெக்ட் என்ற பயிற்சிக் குழுவில் அவள் சேர்க்கப்பட்டாள். அதன் தலைமைப் பயிற்றுவிப்பாளர் அல்பேர்டோ சலசார், தம் காலத்தில் நியூயோர்க் மரதனை மூன்று முறை வென்ற பெயர்பெற்ற ஓட்டவீரர். வீட்டை விட்டு நாட்டின் மறுகோடிக்குச் சென்று, அவர் சொற்படி நடந்தாள் மேரி. ஆனால் அவளது வேகம் கூடவில்லை. எலும்புகள்தான் முறிந்தன. சில வருடங்களுக்குள் ஐந்து எலும்புகள்.

2019 நவம்பரில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்ட ஒளிப்பதிவில் அவள் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னாள். உடல் மெலிந்தால் வேகம் கூடும் என்பது அந்தக் குழுவினர் நம்பிக்கை. அவள் 114 றாத்தல், அதாவது சுமார் 52 கிலோ, இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு நிர்ணயிக்கப்பட்டது. மற்றவர்கள் முன்னிலையில் அவளை நிறுத்தி நிறுத்தி நிறை பார்த்தார்கள். கூடினால் பலர் அறிய அவமானம். முறையான தகுதி பெற்ற போஷாக்கு நிபுணரோ விளையாட்டு உளவியலாளரோ அங்கிருக்கவில்லை என்றும் அவள் சொன்னாள். மூன்று வருடங்களாக அவளுக்கு மாதவிடாய் வரவில்லை. மனமுடைந்து தன்னைத் தானே காயப்படுத்திக் கொள்ளும் நிலைக்கும் போனாள். அதைப் பெரியவர்களிடம் சொன்னபோது அவர்கள் காது கொடுக்கவில்லை என்கிறாள். கடைசியில் தாய் தகப்பனிடம் சொன்னாள். அவர்கள் திடுக்கிட்டு, அடுத்த விமானத்தில் வீட்டுக்கு வரச் சொன்னார்கள்.

சலசார் தாம் எவரையும் துன்புறுத்தவில்லை என்று மறுத்தார். அதற்குச் சற்று முன்னர், ஊக்கமருந்து விதிகளை மீறியதாக வேறொரு விசாரணையில் அவருக்கு நான்கு வருடத் தடை விதிக்கப்பட்டிருந்தது. 2019 ஒக்டோபரில் நைக்கி அந்தக் குழுவையே மூடிவிட்டது. 2021 இல் மேரி தொடுத்த 20 மில்லியன் டொலர் நட்டஈட்டு வழக்கு 2023 இல் சமரசமாக முடிந்தது. வழக்குப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. என்னை யோசிக்க வைத்தது வேறு விடயம். நிறையைப் பார்த்தார்கள், நேரத்தைப் பார்த்தார்கள், எத்தனை மைல் ஓடினாள் என்று கணக்கெடுத்தார்கள். இவ்வளவு அளந்தவர்கள் மத்தியில், மூன்று வருடங்களாக மாதவிடாய் இல்லை என்ற ஒரு செய்தி எவருக்கும் ஒரு செய்தியாகப் படவில்லை.

தாய்மார்கள் இந்த இடத்தில் சற்று நின்று வாசிக்க வேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்பிள்ளைக்கு மாதவிடாய் நிற்பது சாதாரணம், போட்டி முடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. சில பயிற்றுவிப்பாளர்கள் அதை நல்ல அடையாளமாகவே கருதினார்கள். அது பெரும் பிழை. பிள்ளை செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு உட்செல்லாத போது உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது. மாதச் செலவுக்குப் பணம் போதாத வீட்டில் எதை முதலில் நிறுத்துவோம்? இன்றைக்கு அவசியமில்லாததை நிறுத்துவோம். உடம்பும் அப்படியே முதலில் இனவிருத்திக்கான சுரப்புகளைக் குறைக்கிறது. ஈஸ்திரோஜன் என்ற அந்தச் சுரப்பு மாதவிடாயை மட்டும் நடத்துவதில்லை. எலும்பு அளவுக்கு மீறி அரிக்கப்படாமல் காவல் நிற்பதும் அதுவே. காவல் நீங்கியதும் எலும்பு மெலிகிறது. முன்பு தாங்கிய அதே ஓட்டத்தை இப்போது தாங்க மாட்டாமல் வெடிக்கிறது.

குறைந்த உணவு, நின்ற மாதவிடாய், மெலிந்த எலும்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை 1992 இல் அமெரிக்க நிபுணர்கள் ஒரே நோயாக இனங்கண்டார்கள். 2014 இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை இன்னும் விரித்து, ஆண்களுக்கும் இது வரும், இருதயம், மனநிலை, நோய் எதிர்ப்புச் சக்தி எல்லாவற்றையும் பாதிக்கும் என்று அறிக்கை வெளியிட்டது. வாழ்நாள் முழுவதற்கும் தேவையான எலும்புப் பலத்தில் பெரும் பகுதி சேர்வது குமர்ப் பருவத்தில்தான். அந்த வயதில் சேர்க்காமல் விட்டதை முப்பது வயதில் சேர்த்துக் கொள்ள முடியாது. ஆகவே மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். பயிற்றுவிப்பாளர் ஆணாக இருந்தால் பிள்ளை இதை அவரிடம் சொல்ல மாட்டாள். வாப்பாவிடமும் சொல்ல மாட்டாள். உம்மாவிடம் சொல்வாள், உம்மா கேட்டால்.

அவள் பட்டினி கிடப்பதற்குக் காரணம் எப்போதும் பயிற்றுவிப்பாளர்தான் என்று நினைத்து விடவும் வேண்டாம். "கொஞ்சம் சதை போட்டுட்டாய் மகள்" என்று கலியாண வீட்டில் ஒரு மாமி சிரித்துக் கொண்டே சொல்லும் வார்த்தை, அடுத்த நாள் காலைச் சாப்பாட்டை நிறுத்தப் போதும்.

பிள்ளைகள் வலியை மறைப்பதற்கு இன்னொரு காரணம், விளையாட்டின் மீதான பற்றே. கனடா நாட்டு உளவியல் பேராசிரியர் ரொபர்ட் வலரண்ட், ஒரு காரியத்தில் மனிதனுக்கு உண்டாகும் பற்றை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில், காரியம் மனிதனின் கையில் இருக்கிறது. விரும்பிச் செய்வான், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துவான். மற்றதில், மனிதன் காரியத்தின் கையில் இருக்கிறான். நிறுத்தினால் தனக்கு மதிப்பே இல்லை என்ற பயம் அவனை விரட்டுகிறது. இவரும் இவரோடு சேர்ந்தவர்களும் நடனம் பயிலும் மாணவர்களை ஆராய்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டாவது வகைப் பற்று மிகுந்த மாணவர்கள் நாட்பட்ட காயங்களோடு நீண்ட காலம் அவதிப்பட்டார்கள். நோவோடு ஆடுவதை நிறுத்த அவர்களது தன்மானம் இடங்கொடுக்கவில்லை.

இந்த இரண்டாவது பற்று எப்படி ஒரு பிள்ளைக்குள் புகுகிறது? பெரும்பாலும் நாம் தெரியாமல் ஊட்டுகிறோம். ஒரு பிள்ளை ஓட்டத்தில் முதலாவதாக வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவளை எப்படி அறிமுகப்படுத்துகிறோம்? "இவதான் ஓடுற பிள்ளை." மற்றவள் படிக்கிற பிள்ளை, சின்னவள் குறும்புக்காரி. ஓடுகிற பிள்ளைக்கு ஓட முடியாது போனால் அவள் யார்? பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதை வாய்விட்டுக் கேட்க மாட்டாள். கால் நோவை மறைத்துக் கொண்டு மறுநாளும் மைதானத்துக்குப் போவாள். சப்பாத்துக்கும் போக்குவரத்துக்கும் வாப்பா கடன் வாங்கிச் செலவு செய்திருந்தால் அவள் வாய் இன்னும் இறுக மூடிக்கொள்ளும்.

வலியைத் தாங்குவதை நாம் புகழ்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் ஜிம்னாஸ்டிக் அணி முதன்முறையாகக் குழுத் தங்கம் வென்றது. கெரி ஸ்ட்ரக் என்ற 18 வயதுப் பெண் முதல் பாய்ச்சலில் கணுக்கால் பிசகியும், நொண்டிச் சென்று இரண்டாம் முறை பாய்ந்து, ஒற்றைக் காலில் நின்று, பின்னர் தரையில் சாய்ந்தாள். பயிற்றுவிப்பாளர் அவளைத் தூக்கிச் சென்ற படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அந்த இரண்டாம் பாய்ச்சல் இல்லாமலேயே தங்கம் கிடைத்திருக்கும் என்பது புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது தெரிந்தது. அவளுடையது ஒரு நொடியில் ஏற்பட்ட காயம். நமது பேச்சு அதைப் பற்றியதல்ல. ஆனால் அதே அணியில் டொமினிக் மொசியானு என்ற 14 வயதுச் சிறுமியும் இருந்தாள். கணைக்கால் எலும்பில், நான் மேலே விவரித்த அதே வெடிப்போடு அவள் அந்தப் போட்டிகளில் பங்குபற்றினாள். மரச்சட்டத்தின் மீது செய்யும் போட்டியில் தலை அடிபட விழுந்தும், வைத்தியப் பரிசோதனை எதுவுமின்றிச் சில நிமிடங்களில் அடுத்த போட்டிக்குச் சென்றதாக அவள் பெரியவளான பின்னர் கூறினாள். தூக்கிச் செல்லப்பட்ட பெண்ணின் படத்தை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. வெடித்த எலும்போடு குதித்த சிறுமியைப் பற்றி அன்று பெரிதாக யாரும் பேசவில்லை. மறு வருடமான 1997 இலிருந்து சர்வதேச ஜிம்னாஸ்டிக் போட்டிகளில் பெண்களுக்கான ஆகக் குறைந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது.

ஆண்பிள்ளைகளின் உம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நம் கிரிக்கெட் போலச் சிறுவர்கள் பேஸ்போல் விளையாடுகிறார்கள். பந்தை வேகமாக எறிகிற பையனின் முழங்கையில்தான் பாரம் முழுவதும் விழும். 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்கையிலோ தோளிலோ சத்திரசிகிச்சை செய்யப்பட்ட பையன்களையும் செய்யப்படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். கை களைத்த பின்னும் வழக்கமாக எறிந்து வந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 36 மடங்கு. களைப்பு என்பது கண்ணுக்குத் தெரியாதது. பையன் சொன்னால் மட்டுமே தெரியும். "களைச்சிட்டேன் சேர்" என்று சொன்னால் அடுத்த போட்டியில் இடம் கிடைக்குமா என்ற பயத்தில் அவன் சொல்வதில்லை.

2007 இலிருந்து அங்குள்ள சிறுவர் சங்கத்தில் வயதுக்கேற்ப ஒரு நாளைக்கு இத்தனை எறிதான் என்று வரம்பு விதித்தார்கள். நல்ல காரியம். ஆனால் கெட்டிக்காரப் பையன் இரண்டு மூன்று அணிகளில் விளையாடுகிறான். ஒவ்வொரு பயிற்றுவிப்பாளரும் தம் அணியில் எறிந்ததை மட்டும் எண்ணுகிறார். கூட்டிப் பார்க்கக் கூடியவர்கள் அவனை ஏற்றி இறக்கும் பெற்றோர் மட்டுமே. அந்தப் பெற்றோரின் நிலை என்ன? கிழிந்த முழங்கைத் தசைநாரை மாற்றி வைக்கும் ஒரு சத்திரசிகிச்சை 1974 இல் தொடங்கியது. 2012 இல் வெளியான ஒரு கருத்தாய்வில், காயமே இல்லாத கைக்கும் இதைச் செய்தால் திறமை கூடும் என்று பாடசாலை வீரர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரும், பெற்றோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேலும் நம்பியது தெரிய வந்தது! வெற்றி மோகம் எங்கு வரை கொண்டு செல்லும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வேகப்பந்து வீசும் மகன் உள்ள வீட்டில், பாடசாலை அணி, கழக அணி, மாலையில் ஒழுங்கையில் நண்பர்களோடு என்று ஒரு கிழமைக்கு எத்தனை பந்து வீசுகிறான் என்பதை யாராவது எண்ணியதுண்டா?

நித்திரையும் இதில் சேரும். அமெரிக்காவில் 12 முதல் 18 வயது வரையான பாடசாலை வீரர்களிடம் நடத்தி 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்குகிறவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்காக இருந்தது. அதிகாலைப் பயிற்சி, பாடசாலை, பிறகு ரியூசன், இரவு வீட்டுப்பாடம் என்று ஓடும் நம் பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

இதை வாசித்து விட்டு, "அதற்குத்தான் பொம்பிளைப் பிள்ளைகளை ஓட விடக் கூடாது என்று சொன்னோம்" என்று எவரும் தொடங்க வேண்டாம். அப்படிச் சொல்ல இக்கட்டுரையில் ஆதாரமில்லை. ஓடாமல், குதிக்காமல், வெயில் படாமல் வளரும் பெண்ணின் எலும்பும் மெலிந்தே போகிறது. குமர்ப் பருவத்தில் உடற்பயிற்சி செய்த பெண்ணின் எலும்பு, உணவும் ஓய்வும் சரியாக இருந்தால், மற்றவர்களை விடப் பலமானது. ஓட்டம் குற்றவாளியல்ல.

அமெரிக்கச் சிறுவர் வைத்தியர் சங்கம் தரும் அளவு இலகுவானது: ஒரே விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைக்குக் கிழமையில் ஒன்று இரண்டு நாள் முழு ஓய்வு, வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுமுறை. இன்னொரு கணக்கையும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பிள்ளையின் வயது எத்தனையோ, கிழமைக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறைப்படுத்திய பயிற்சி கூடாது. பதினொரு வயதென்றால் பதினொரு மணி நேரம். முற்றத்தில் தன்பாட்டில் விளையாடுவது இதில் சேராது.

நோர்வே நாட்டில் 1987 இலேயே விளையாட்டில் சிறுவர்களின் உரிமைகள் என்று சட்டம் போல ஒன்றை ஏற்படுத்தினார்கள். பிள்ளைக்கு 11 வயதாகும் வருடம் வரை புள்ளி அட்டவணையோ தரவரிசையோ வெளியிடக் கூடாது. இப்படி வளர்ந்தால் வீரர்கள் உருவாவார்களா என்று கேட்பீர்கள். சுமார் 50 இலட்சம் மக்களைக் கொண்ட அந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களோடு முதலிடம் பெற்றது. நம் ஊர் இல்ல விளையாட்டுப் போட்டியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தோற்றதற்காக மைதானத்தின் ஓரத்தில் நின்று ஏசும் பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த நாட்டின் நினைவு வருவதுண்டு.

அதே நோர்வேயில் ஒஸ்லோ நகர ஆராய்ச்சியாளர்கள் 2013 இல் ஒரு சிறிய கேள்விக்கொத்தை வெளியிட்டார்கள். அதுவரை, போட்டிக்கு வராமல் நின்ற வீரரை மட்டுமே காயப்பட்டவராகப் பதிவு செய்து வந்தார்கள். மிகைப்பாவனைக் காயக்காரர் நோவோடு விளையாடிக் கொண்டே இருப்பதால் எந்தப் பதிவிலும் அவர் பெயர் வராது. எனவே, கிழமைக்கு ஒரு முறை எல்லோரிடமும் கேட்கத் தொடங்கினார்கள். நோகிறது என்று சொன்னவரிடம் மட்டுமல்ல, ஒன்றுமில்லை என்றவரிடமும் கேட்டார்கள். கேள்வி நான்குதான். முழங்காலோ தோளோ முதுகோ நோவதால் பங்குபற்றுவது சிரமமாக இருந்ததா? பயிற்சியைக் குறைத்தாயா? திறமை குறைந்ததா? எவ்வளவு நோகிறது? கேட்கத் தொடங்கியதும், அதுவரை ஏட்டில் இல்லாத எத்தனையோ காயங்கள் வெளிவந்தன.

இதற்குப் படிவமும் நிபுணரும் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கேட்கலாம். ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "கால் ஒண்டும் நோகலதானே?" என்று கேட்டால், "இல்ல உம்மா" என்ற பதிலை நாமே அவள் வாயில் வைத்து விடுகிறோம். "இந்தக் கிழமை எந்த இடம் நொந்திச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். சொன்ன பிறகு, "அப்ப போட்டிக்கு என்ன செய்யப் போறாய்?" என்று உடனே கேட்டு விடாதீர்கள், அடுத்த கிழமை அவள் சொல்ல மாட்டாள்.

ஒரு விரலால் தொட்டுக் காட்டக் கூடிய இடத்தில் எலும்பு நொந்தால், ஓய்வெடுத்தால் குறைந்து ஓடினால் திரும்பி வந்தால், இரவில் நித்திரையைக் கெடுத்தால், எண்ணெய் தடவிப் பார்த்துக் கொண்டிருக்காமல் வைத்தியரிடம் கொண்டு போங்கள். தொடக்கத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த வெடிப்புப் பெரும்பாலும் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டவுடன் மறுநாளே பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். நோவு தொடர்ந்தால் இரண்டு மூன்று கிழமைக்குப் பின் திரும்பவும் காட்டி, எம்.ஆர்.ஐ. பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். மகளுக்குக் கடைசியாக மாதவிடாய் வந்த திகதியை ஒரு துண்டில் குறித்துக் கொண்டு செல்லுங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.